வண்டிக்கு வயது குறிப்பது யார்?

புதிதாக எஸ்யூவி வாங்கப் போகிறவர் விலையை விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "நல்லபடியா வெச்சுக்கிட்டா எத்தனை வருஷம் வரும்?" என்பது. பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. மலேசியாவில் வாகனக் கடனை 9 ஆண்டுக்கு மேல் வங்கி நீட்டுவதில்லை. சிங்கப்பூரில் 1990 முதல் நடப்பில் உள்ள வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைப் பதிவிலிருந்து நீக்கிவிட வேண்டும். டெல்லியில் டீசல் வண்டிக்கு 10, பெட்ரோல் வண்டிக்கு 15 என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு கட்டியது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தமிழ்நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டில் முடிகிறது. தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டிக்கொள்ளலாம். ஒன்பது, பத்து, பதினைந்து என்ற இந்த எண்களில் எதையும் ஒரு மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சொல்லவில்லை. கடன் கணக்கும் நெரிசல் கணக்கும் காற்று மாசுக் கணக்கும் சொன்னவை அவை.

இரும்பும் எண்ணெயும் என்ன சொல்கின்றன என்று தெரிய வேண்டுமானால் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குப் போக வேண்டும். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று போகும் 59-ஆம் எண் சாலையில், மலேசியாவில் வேறெங்கும் இந்த அளவுக்குக் காணக் கிடைக்காத பழைய லேண்ட்ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. முட்டைக்கோஸ் கூடைகளும் பூக்கட்டுகளும் உர மூட்டைகளும் கூரை மட்டத்துக்கு அடுக்கியிருக்கும். கதவு ஒரு நிறம், முகப்பு ஒரு நிறம். 1985-ல் உற்பத்தி நின்றுபோன 'சீரிஸ் 3' மாடல்கூட இங்கே வேலைக்குப் போகிற வண்டிதான். அருங்காட்சியகப் பொருளைப் போல அதைத் துடைத்து வைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இந்த மலை ஏன் இப்படி ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1885-ல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு சொன்ன மேட்டுநிலம் இது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது காடு திருத்தக் கையில் இருந்தவை ஆட்களும் சில கோவேறு கழுதைகளும் ஒரேயொரு நீராவி உருளை எந்திரமும்தான். 1933-ல் பாரத் குழுமமும் தேயிலைக்கு வந்தது. தோட்டங்களோடு தமிழர்கள் வந்தார்கள். தொழிலாளர் குடியிருப்பு லயங்கள் எழுந்தன, கோயில்கள் எழுந்தன. தோட்டத்துச் சாலை மட்டும் மண்சாலையாகவே நீண்டகாலம் கிடந்தது. மழை பெய்தால் கழுதைக்கும் கால் வழுக்குகிற சரிவு.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் காட்டுக்குள் போக வர நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி தேவைப்பட்டது. லேண்ட்ரோவர் இந்த மண்ணுக்கு வந்து சேர்ந்தது. பிறகு தோட்டத் துரைமாருக்கு, பிறகு காய்கறி விவசாயிகளுக்கு என்று கை மாறியது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்ததால் ரோவர் நிறுவனம் உடற்பகுதியை அலுமினியக் கலவையில் அடித்தது. நூறாண்டு உழைக்கட்டும் என்ற தொலைநோக்கு அதில் கிடையாது. சொகுசுக் கார் விற்பனை மீண்டும் சூடுபிடிக்கும்வரை ஆலையை ஓட்டிக்கொண்டிருக்க ஓர் இடைக்கால ஏற்பாடாகத்தான் வில்க்ஸ் சகோதரர்கள் அதைக் கருதினார்கள். எஃகுப் பஞ்சத்தால் வந்த அந்த அலுமினியத் தகடுதான் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கேமரன் மலையில் துருவுக்குத் தப்பியது.

அலுமினியம் பாதிக் கதைதான். அடியில் இருக்கும் சட்டகம் எஃகு. அலுமினியமும் எஃகும் ஒட்டுகிற இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு விரைவாகப் பரவும். போதாதற்கு, இங்குள்ள காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எருதான் ஊட்டம். அந்த உப்பும் அமோனியாவும் கலந்த சேறு சட்டகத்தின் மூலைகளில் அப்பிக்கொண்டு இரும்பைத் தின்னும். இந்த மலையில் அதிக நாள் வந்த வண்டிகளைப் பார்த்தால் அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் பொதுவான பழக்கம் ஒன்று தெரியும்: பாடி பளபளப்பாக இருக்கிறதா என்று கவலைப்படாமல், வேலை முடிந்ததும் வண்டியின் அடிவயிற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவார்கள். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். எஞ்சினை இறக்கி ஏற்றலாம், கியர்ப்பெட்டியை மாற்றலாம். சட்டகம் போனால் வண்டி போயிற்று. பதிவு எண்ணும் அடையாளமும் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதில்தான்.

அடுத்த காரணம், திறந்து பார்க்க முடிந்த வண்டி அது. போல்ட்டைக் கழற்றினால் கதவு வரும், முன் மட்கார்டு வரும். எஞ்சின் அறைக்குள் கை மட்டுமல்ல, ஆளே இறங்கலாம். பழைய 2.25 லிட்டர் எஞ்சின் தேய்ந்தபோது மலேசியாவில் ஒரு வழி இருந்தது. ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக அறுத்து, முன்பகுதியை மட்டும் இறக்குமதி செய்து விற்கும் 'ஹாஃப் கட்' கடைகள். அங்கிருந்து ஒரு ஜப்பானிய டீசல் எஞ்சினை எடுத்துவந்து லேண்ட்ரோவருக்குள் பொருத்திவிடுவார் ஃபோர்மேன் என்று அழைக்கப்படும் உள்ளூர் மெக்கானிக். தாங்கியை வெட்டி ஒட்டி, கியர்ப்பெட்டிக்கு இணைப்புத் தகடு கடைந்து, ரேடியேட்டரை நகர்த்தி வைத்து அவர் செய்யும் வேலைக்குக் கையேடு கிடையாது. எஞ்சின் ஒரு நாட்டுக்காரன், சட்டகம் ஒரு நாட்டுக்காரன், கை மட்டும் உள்ளூர்க்காரனுடையது.

மூன்றாவது காரணத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் குறைவு: வேறு வழியில்லாமை. புது நான்கு சக்கர இயக்க வண்டியின் விலை சிறு விவசாயிக்கு எட்டாது. எட்டினாலும், கோழி எருவும் முட்டைக்கோஸும் ஏற்றிச் சேற்றுச் சரிவில் இறக்க மனம் வராது. இந்தப் பாடம் கேமரன் மலைக்கு மட்டும் சொந்தமில்லை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்பூவுக்குப் போகும் கல்லுச்சாலையிலும் 1950-களின் லேண்ட்ரோவர்கள் அண்மைக்காலம் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு போயின. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மகிந்திரா ஜீப்பை விட்டால் கதியில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டில் பழைய கார்களின் விலை ஏறியது. முன்பென்றால் உடைசலுக்குப் போயிருக்கும் வண்டிகள் பட்டறைக்குப் போய்த் திரும்பிவந்தன. அதே வண்டி, அதே இரும்பு. மாற்று கிடைக்காதபோது ஆயுள் நீண்டது. ஆக, வண்டியின் ஆயுளில் பாதியைத் தீர்மானிப்பது அதைக் கைவிட நமக்கு இருக்கும் வசதி.

சரி, இன்று ஷோரூமிலிருந்து வரும் எஸ்யூவிக்கு என்ன கணக்கு? அமெரிக்காவின் ஐசீகார்ஸ் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் டொயோட்டா சிக்கோயா ஏறக்குறைய 4.77 லட்சம் கிலோமீட்டரும், லேண்ட் க்ரூஸர் 4.5 லட்சம் கிலோமீட்டரும் ஓடக்கூடியவை என்று தெரிந்தது. இதை அப்படியே நம் வண்டிக்குப் பொருத்திவிடக் கூடாது. ஒவ்வொரு மாடலிலும் மிக அதிகம் ஓடிய ஒரு சதவீத வண்டிகளை வைத்துச் சொன்ன எண் அது. வகுப்பில் முதல் மாணவன் வாங்கிய மதிப்பெண். அமெரிக்கச் சாலைகளில் ஓடும் கார்களின் சராசரி வயது 2024-ல் 12.6 ஆண்டு என்கிறது எஸ் அண்ட் பி குளோபல் மொபிலிட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காகப் பராமரிக்கப்படும் நல்ல எஸ்யூவியிடம் 3 லட்சம் கிலோமீட்டர், அதாவது 15 ஆண்டு எதிர்பார்ப்பது பேராசை ஆகாது. தனிச் சட்டகத்தின் மேல் கட்டிய எளிய டீசல் வண்டி என்றால் 20 ஆண்டையும் தாண்டலாம்.

மலையில் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. தோட்டத்துக்குள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நாளெல்லாம் உறுமும் வண்டியின் மீட்டரில் இருபது கிலோமீட்டர்கூட ஏறாது. எஞ்சினோ எட்டு மணி நேரம் உழைத்திருக்கும். டிராக்டருக்கு மணிக் கணக்கு வைப்பது இதனால்தான். வண்டியோடு தரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். சுமை, சரிவு, சேறு, குறுந்தொலைவு ஓட்டம் எல்லாம் அதில் அடக்கம். அந்த அட்டவணைப்படி எஞ்சின் எண்ணெயை இன்னும் சீக்கிரம், பல வண்டிகளில் பாதித் தொலைவிலேயே, மாற்ற வேண்டும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். பிரிஞ்சாங்கிலிருந்து தாப்பா வரை பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் அது கொதித்து ஆவியாகி, மிதித்த பெடல் பஞ்சுபோல் அமிழும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற ஆகும் செலவு ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவுதான். கியரைக் குறைத்து எஞ்சின் பிடியில் இறங்குவதோ செலவே இல்லாத பராமரிப்பு. மாற்றவே வேண்டாம் என்று சில நிறுவனங்கள் சொல்லும் தானியங்கி கியர் எண்ணெயை, மலையில் ஓட்டுகிறவர் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. முன்பின் டிஃபரென்ஷியல் எண்ணெயில் சேற்றுநீர் புகுந்திருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் திறந்து பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் புகுந்திருக்கிறது. புதிய டீசல் எஸ்யூவிகளில் புகையை வடிகட்டும் கருவி சூடேறித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். மாதம் இருமுறையாவது ஈப்போவுக்கோ தாப்பாவுக்கோ இறங்கி, நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருவதும் பராமரிப்பில் சேரும்.

இவ்வளவும் செய்தாலும், பழைய லேண்ட்ரோவருக்கு இருந்த ஒரு வசதி புது எஸ்யூவிக்கு இல்லை. இன்றைய வண்டியைப் பல சமயம் சாகடிப்பது தேய்மானம் அல்ல, கணினிப் பலகை. ஒரு சென்சார் போனால் வண்டி நகர மறுக்கிறது. கோளாறு என்ன என்று படிக்கவே நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். புது உதிரிபாகத்தைப் பொருத்தினாலும் அதை வண்டி ஏற்றுக்கொள்ளக் கடவுச்சொல் வேண்டும். எஞ்சினும் சட்டகமும் 20 ஆண்டு தாங்கும் நிலையில் இருக்க, பன்னிரண்டாம் ஆண்டில் கிடைக்காமல் போகும் ஒரு மின்னணுப் பெட்டி அந்த வண்டியை உடைசலுக்கு அனுப்புகிறது. கேமரன் மலை ஃபோர்மேனின் கைத்திறனுக்கு அங்கே வேலையில்லை, பூட்டு அவர் கையில் இல்லாததால்.

இந்த இடத்தில் நியாயமான ஓர் எதிர்வாதம் உண்டு. பழைய வண்டி ஓடுகிறது என்பதும் அது சாலையில் ஓடத் தகுதியானது என்பதும் ஒன்றல்ல. சீரிஸ் லேண்ட்ரோவரில் காற்றுப்பை இல்லை, சக்கரம் இறுகிப் போகாமல் காக்கும் பிரேக் இல்லை. ஏற்றத்தில் அது கக்கும் கரும்புகை பின்னால் வருகிறவனின் நுரையீரலுக்குப் போகிறது. கேமரன் மலைச் சாலை தவறுகளை மன்னிப்பதில்லை. 2010 டிசம்பர் 20 அன்று சிம்பாங் பூலாய் பக்கம் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தாய்லாந்துப் பயணிகள். அப்படிப்பட்ட சாலையில் சுமையேற்றிய வண்டிக்குப் பிரேக் பிடிக்குமா என்பது அதன் சொந்தக்காரரின் தனிப்பட்ட விஷயமாக இருக்க முடியாது. தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கும் பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. பழைய வண்டியின் மேலுள்ள பாசம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடக் கூடாது.

ஆனால் இதற்கு மருந்து வயது வரம்பு அல்ல, சோதனை. மலேசியாவில் லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். தனியார் காருக்கோ கை மாறும்போதுதான் சோதனை. ஒரே ஆளின் பெயரில் 30 ஆண்டு ஓடும் எஸ்யூவியின் பிரேக்கை அரசு ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். 2009 இறுதியில், 15 ஆண்டு தாண்டிய வாகனங்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயம் என்ற யோசனையைத் தேசிய வாகனக் கொள்கையில் அரசு முன்வைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. மக்கள் சோதனைக்குப் பயந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த யோசனை பழைய வண்டிகளை ஒழித்துக்கட்டும் திட்டத்தின் முதல் படியாக வந்தது. ஏழையின் வண்டியைப் பிடுங்கிப் புதுக் கார் விற்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்தது இயல்பே. டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் வயது முடிந்த வண்டிகளுக்கு எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாளும் தாங்கவில்லை, நிறுத்திவைத்தார்கள். அங்கேயும் மக்கள் கேட்டது ஒன்றுதான்: ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும், புகை கக்காத என் வண்டியும் நாளெல்லாம் ஓடித் தேய்ந்த வண்டியும் எப்படி ஒன்றாகும்?

அதனால் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்ய வேண்டும். முதலாவது, பத்தாண்டு தாண்டிய எல்லா வாகனத்துக்கும் பிரேக், ஸ்டியரிங், சட்டகத் துரு, புகை ஆகிய நான்குக்கு மட்டும் குறைந்த கட்டணத்தில் ஆண்டுச் சோதனை. தேறாத வண்டிக்குப் பழுதுபார்க்க அவகாசம் கொடுக்க வேண்டும். தேறிய வண்டியை, வயது ஐம்பதானாலும், யாரும் தொடக் கூடாது. கேமரன் மலைபோன்ற இடத்துக்குச் சோதனை நிலையமே ஏறி வர வேண்டும். பிரேக் சந்தேகமான வண்டியைச் சோதனைக்காக மலையிறங்கச் சொல்வது அபத்தம்.

இரண்டாவது, தயாரிப்பாளர்மீது கடமை. ஒரு மாடலின் உற்பத்தி நின்ற பிறகும் 20 ஆண்டுக்கு உதிரிபாகமும், கோளாறு கண்டறியும் மென்பொருளும் எந்தப் பட்டறைக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். இது நடக்காத கனவல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே காருக்கான பழுதுபார்ப்பு உரிமையைச் சட்டமாக்கியது. 2020-ல் வாக்காளர்கள் அதைக் கம்பியில்லாத் தொடர்பில் போகும் தரவுகளுக்கும் விரிவாக்கினார்கள். புரோட்டோன், பெரோடுவா என்று சொந்தத் தயாரிப்பு வைத்திருக்கும் மலேசியாவும், உலகின் பெரிய வாகனச் சந்தைகளில் ஒன்றான இந்தியாவும் இதைக் கேட்டால் நிறுவனங்கள் மறுக்க முடியாது. 9 ஆண்டுக் கடன் கட்டி முடித்த வண்டி அதற்குப் பிறகு இன்னொரு 9 ஆண்டு உழைத்தால்தான் நடுத்தரக் குடும்பம் மூச்சுவிடும். கடன் முடிந்த மறுநாள் உதிரிபாகம் இல்லை என்றால், அந்தக் குடும்பம் ஆயுள் முழுக்கத் தவணையே கட்டிக்கொண்டிருக்கும்.

1948-ல் பிறந்த லேண்ட்ரோவர் வம்சத்தின் உற்பத்தி 2016 ஜனவரி 29-ல் சொலிஹல் ஆலையில் நின்றது. அதே பெயரில் இன்று வருவது முற்றிலும் வேறு வண்டி. பழையதைப் போலவே ஒன்றை மீண்டும் செய்யுங்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்றைய பாதுகாப்பு விதிகள் அதை அனுமதிக்கவும் மாட்டா. திறந்து பார்க்கவும் கழற்றி மாட்டவும் முடிகிற குணத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். சட்டம் வரும்வரை அதை வாங்குகிறவரேதான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஷோரூமில் நிற்கும்போது எத்தனை வருஷம் வரும் என்று விற்பனையாளரைக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. இதன் அடிச்சட்டகத்துக்குத் துருக்காப்பு என்ன, உதிரிபாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று எழுத்தில் தருவீர்களா, உங்கள் சர்வீஸ் சென்டருக்கு வெளியே இருக்கும் ஃபோர்மேனால் இதைத் திறக்க முடியுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாத வண்டிக்கு உத்தரவாதக் காலத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று எண்ணிக்கொண்டு விலை பேசுங்கள்.